முதல் பெண் போர் விமானி யார்? ஓர் இன்ஜின் ஃபிட்டரின் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக ‘உலகின் முதல் பெண் போர் விமானி’ என்று தேடியிருக்கிறாள். ஓர் இடத்தில் துருக்கிப் பெண்ணின் பெயர், இன்னோர் இடத்தில் ரஷ்யப் பெண்ணின் பெயர், வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்தியப் பெண்ணின் பெயர். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், ‘பெண்கள் உடம்பு ஃபைட்டர் விமானத்தைத் தாங்காது என்பதால்தான் இந்தியாவில் 2016 வரை எடுக்கவில்லையா?’ என்றும் ஒரு கேள்வி. எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று படுகிறது. போட்டி முடிந்த பிறகும் அந்தப் பெண் பைலட் ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. இரண்டுக்குமே பதில் சொல்கிறேன்.

நான் இந்திய விமானப்படையில் 20 ஆண்டு இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் பெரும்பாலும் ஆவ்ரோ என்ற சரக்கு விமானங்களின் டார்ட் இன்ஜினோடுதான் வாழ்க்கை. விமானம் ஓட்டியவன் இல்லை, ஓட்டுகிறவர்கள் கையில் அதைத் தயார் செய்து கொடுத்தவன். மருத்துவனும் இல்லை. இந்தப் பெண்களைப் பற்றி ஓய்வுக்குப் பிறகு ஆர்வத்தில் படிக்கத் தொடங்கினேன். ரஷ்ய மொழி தெரியாது, ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்ததுதான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘முதல்’ என்பது எதில் முதல் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ராணுவத்துக்காகப் பறந்த முதல் பெண்ணா? ராணுவப் பயிற்சி பெற்று, சீருடையோடு சண்டையில் பறந்த முதல் பெண்ணா? எதிரி விமானத்தை வானத்தில் சந்தித்து வீழ்த்தியவரா? மூன்றுக்கும் மூன்று பெயர் வரும். முதல் உலகப் போரிலேயே பிரான்சின் மரி மார்வாங் 1915-இல் ஜெர்மானியர் வசமிருந்த மெட்ஸ் நகரத்தின் மேல் குண்டு போடப் போனார் என்றும், ரஷ்யாவில் இளவரசி யெவ்கேனியா ஷாகோவ்ஸ்கயா வேவு விமானம் ஓட்டினார் என்றும் எழுதுகிறார்கள். இருவரும் தேர்ந்த விமானிகள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் போர்ப் பறப்புகளுக்குச் சொல்லப்படும் ஆதாரம் மெல்லியது. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதியதாகவே பெரும்பாலும் இருக்கிறது. பேச்சுப் போட்டியில் ‘என்று சொல்லப்படுகிறது’ என்று சேர்த்துக்கொண்டால் தவறில்லை.

துருக்கியின் சபிஹா கோக்சென் விஷயம் அப்படியில்லை, ஆவணத்தோடு நிற்பது. 1913-இல் பர்சாவில் பிறந்தவர், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க்கின் வளர்ப்பு மகள். 1935-இல் சிவில் பறக்கும் பள்ளி, அடுத்த ஆண்டு எஸ்கிஷெஹிரில் ராணுவ விமானப் பயிற்சி. 1937-இல் தெர்சிம் பகுதியில் நடந்த ராணுவ நடவடிக்கையில் குண்டு வீசிய விமானிகளில் அவரும் ஒருவர். கின்னஸ் புத்தகம் உலகின் முதல் பெண் போர் விமானி என்று இவரைத்தான் சொல்கிறது. இஸ்தான்புல்லின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இவர் பெயர்தான். ஆனால் அந்தத் தெர்சிம் நடவடிக்கை வேறொரு நாட்டுப் படையோடு நடந்த சண்டையன்று. சொந்த நாட்டு மலைப்பகுதியில் வாழ்ந்த குர்து, அலெவி மக்கள் மீது நடந்தது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் செத்தார்கள். அதனால் அந்தப் பெயரைப் பெருமையாக மட்டும் சொல்ல என்னால் முடிவதில்லை. உங்கள் மகள் இவரைப் பற்றிப் பேசினால் அந்த இரண்டு வரியையும் சேர்த்தே பேசட்டும். ‘முதல்’ என்ற சொல்லுக்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி ரஷ்யா. இங்கே கொஞ்சம் நின்றுதான் போவேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. மரீனா ரஸ்கோவா அடிப்படையில் நேவிகேட்டர், அதாவது வழிகாட்டி. 1938 செப்டம்பரில் இரண்டு பெண்களோடு சேர்ந்து ‘ரோதினா’ என்ற விமானத்தில் மாஸ்கோவிலிருந்து தூரக் கிழக்கு வரை நிற்காமல் பறந்தார். நேர்க்கோட்டில் கணக்கிட்டாலே கிட்டத்தட்ட 5,900 கிலோமீட்டர், 26 மணி நேரத்துக்கு மேல். எரிபொருள் தீர்ந்து விமானத்தைச் சதுப்பில் இறக்க வேண்டிய நிலை. மூக்குப் பகுதியில் இருக்கும் நேவிகேட்டர் நசுங்கிவிடுவார் என்று அவரை பாராசூட்டில் குதிக்கச் சொன்னார்கள். குதித்தவர் காட்டில் 10 நாள் தனியாக நடந்து வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு சோவியத் நாட்டில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் 1941-இல் போர் வந்தபோது, பெண்களுக்குத் தனி விமானப் பிரிவு வேண்டும் என்று மேலிடத்தில் பேசி வாங்கினார். 1941 அக்டோபர் 8 அன்று உத்தரவு வந்தது. மூன்று ரெஜிமெண்டுகள், அதாவது படைப்பிரிவுகள்: 586 ஃபைட்டர் (வானில் எதிரி விமானத்தோடு சண்டையிடுவது), 587 பாம்பர் (குண்டு வீசுவது), 588 இரவு பாம்பர். வோல்கா கரையில் ஏங்கல்ஸ் என்ற ஊரில் பயிற்சி. சாதாரணமாகச் சில ஆண்டுகள் ஆகும் பாடத்தைச் சில மாதங்களில் படித்தார்கள். கொடுத்த சீருடை எல்லாம் ஆண்களுக்குத் தைத்தது. பூட்ஸ் பெரிதாக இருந்ததால் உள்ளே காகிதம் திணித்துக்கொண்டு நடந்தார்கள்.

588-தான் பிறகு ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று ஜெர்மானியர் வாயில் பெயர் வாங்கிய படை. அவர்கள் ஓட்டிய யு-2 (1944-க்குப் பிறகு போ-2) என்ற விமானத்தைப் பற்றி ஓர் ஃபிட்டராகச் சொல்லாமல் இருக்க முடியாது. மரச்சட்டம், மேலே துணி. இரட்டை இறக்கை. திறந்த காக்பிட், முன்னால் பைலட், பின்னால் நேவிகேட்டர். எம்-11 என்ற ஐந்து சிலிண்டர் இன்ஜின், சுமார் 100 குதிரைசக்தி. அதிகபட்ச வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர்தான், குண்டு ஏற்றினால் அதுவும் வராது. பறக்கக் கற்றுக்கொடுக்கவும் வயலுக்கு மருந்து தெளிக்கவும் செய்த விமானம். பகலில் போனால் திரும்பி வராது. அதனால் இரவில், ஒன்றன் பின் ஒன்றாக, சில நிமிட இடைவெளியில் போய் ஜெர்மன் முகாம்கள் மேல் குண்டு போட்டுவிட்டு வருவார்கள். எதிரியைத் தூங்கவிடாமல் அடிப்பதுதான் வேலை. இலக்கு நெருங்கியதும் இன்ஜினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் சறுக்குவார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. எனக்கு அதில் ஒரு திருத்தம் உண்டு. அந்த இன்ஜினைக் கீழே நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். நடு வானத்தில், தாழ்ந்த உயரத்தில், அதை முழுக்க அணைப்பது தற்கொலைக்குச் சமம். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் கடைசி வரை இழுத்து, ஐடிலில், அதாவது இன்ஜின் அணையாமல் மெல்ல ஓடும்படி விட்டுச் சறுக்கியிருப்பார்கள் என்பதே பொருந்துகிறது. கீழே இருப்பவனுக்கு இறக்கைக் கம்பிகளில் காற்று உரசும் சத்தம் மட்டும்தான் கேட்கும். சூனியக்காரி துடைப்பத்தில் போகிற சத்தம் என்று அவன் சொன்னது அதைத்தான்.

இந்த ரெஜிமெண்டில் பறந்தவர்கள் மட்டுமல்ல, தரையில் நின்றவர்களும் பெண்களே. மெக்கானிக், ஆயுதம் ஏற்றுகிறவர், எரிபொருள் போடுகிறவர் எல்லோரும். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்த வேலை அது. ஓர் இரவில் ஒரே விமானம் பல முறை போய் வர வேண்டும். நதேஷ்தா போபோவா என்பவர் போர் முழுவதிலும் 852 முறை பறந்தவர், ஓர் இரவில் மட்டும் 18 முறை போனதாகச் சொல்லியிருக்கிறார். 18 முறை போனார் என்றால் 18 முறை யாரோ கீழே பெட்ரோல் ஊற்றி, எண்ணெய் பார்த்து, 50 கிலோ, 100 கிலோ குண்டுகளை இருட்டில் தூக்கி இறக்கைக்கு அடியில் மாட்டியிருக்கிறார்கள். டார்ச் வெளிச்சம் காட்டினால் எதிரிக்குத் தெரியும். பனிக்காலத்தில் குண்டை வெடிக்கவைக்கும் ஃப்யூஸைப் பொருத்த கையுறையைக் கழற்றத்தான் வேண்டும், கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

விதிமுறைப்படி ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் மெக்கானிக்தான் எல்லாம் பார்க்க வேண்டும். அவர்கள் அதை மாற்றினார்கள். வருகிற விமானம் எதுவானாலும் ஒரு குழு அதை எதிர்கொண்டு நிறுத்தும், ஒரு குழு எரிபொருள், ஒரு குழு குண்டு, இன்னொரு குழு தூங்கும். இப்படிப் பிரித்துக்கொண்டதால் சில நிமிடங்களில் விமானம் மறுபடி ஓடுதளத்தில் நின்றது. மேலிடம் விரும்பவில்லை என்றும், அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்தார்கள் என்றும் அந்தப் பிரிவில் இருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். இறங்கிய விமானத்தை அவசரமாகத் தயார் செய்து மறுபடி அனுப்ப இன்றும் இப்படி வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறை உண்டு. அந்தத் தரைப் பெண்களில் இருவர் ஒரு வெளிச்சக் குண்டைப் பிரித்து, அதிலிருந்த சின்ன பாராசூட் துணியில் உள்ளாடை தைத்துக்கொண்டார்கள். படை கொடுத்தது ஆண்களின் உள்ளாடை மட்டும்தான். ராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. படையிலேயே இருந்து அதைக் கழிக்க விட்டார்கள். இருவரும் பிறகு நேவிகேட்டராகப் பயின்று பறந்தார்கள்.

உறுதியான கணக்கைச் சொல்கிறேன். 1942 ஜூன் முதல் போர் முடியும் வரை சுமார் 23,000 முறைக்கு மேல் பறந்தார்கள். பறக்கும் குழுவில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1943-இல், சிறந்த படைகளுக்குக் கொடுக்கும் ‘கார்ட்ஸ்’ தகுதி கிடைத்து 46-ஆவது கார்ட்ஸ் ரெஜிமெண்ட் ஆனது. சோவியத் வீரர் என்ற மிக உயர்ந்த விருதைப் பெற்றவர்கள் இந்த ஒரு ரெஜிமெண்டில் மட்டும் 23 பேர். 1944 வரை பெரும்பாலும் பாராசூட் இல்லாமல் பறந்தார்கள், அந்த எடைக்குக் குண்டு ஏற்றலாம் என்று. 1943 ஜூலை 31 இரவு ஜெர்மானியர் பீரங்கியை நிறுத்திவிட்டு, சர்ச்லைட்டில் காட்டிக்கொடுத்து, இரவு ஃபைட்டர் விமானத்தை அனுப்பினார்கள். ஒரே இரவில் நான்கு விமானம், எட்டுப் பெண்கள். இனி நம்பக் கூடாதது: ஒரு சூனியக்காரியை வீழ்த்தினால் ஜெர்மன் விமானிக்கு அப்போதே இரும்புச் சிலுவை விருது, அந்தப் பெண்களுக்குப் பூனைபோல் கண் தெரிய ஊசி போட்டார்கள் என்று ஜெர்மானியர் நம்பினார்கள் என்பது போன்றவை. பின்னாளில் நினைவுகூர்ந்து சொன்னவை இவை. ஜெர்மன் தரப்பு ஆவணம் காட்டி எழுதியவரை நான் பார்க்கவில்லை. கேட்கச் சுவையாக இருக்கும், மேடையில் சொல்ல வேண்டாம்.

ஃபைட்டர் என்று குறிப்பாகக் கேட்டால் லிடியா லித்வியாக் பெயர் வரும். யாக்-1 ஓட்டியவர். 1942 செப்டம்பரில் ஸ்டாலின்கிராட் வானத்தில் எதிரி விமானங்களை வீழ்த்தினார். அவரும் எகதெரீனா புதானோவாவும்தான் உலக வரலாற்றில் ‘ஏஸ்’ என்று சொல்லப்படும் இரு பெண்கள். ஏஸ் என்றால் ஐந்து அல்லது அதற்கு மேல் வீழ்த்தியவர். எத்தனை என்பதில்தான் சண்டை. 12 என்று பழைய புத்தகங்கள், அதில் பாதிதான் தேறும் என்று ஆவணம் பார்த்தவர்கள். 1943 ஆகஸ்ட் 1 அன்று பறந்து போனவர் திரும்பவில்லை. 22-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் 17 நாள் இருந்தது. உடல் கிடைக்கவில்லை, எதிரியிடம் பிடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் சோவியத் வீரர் விருது நின்றுபோனது. அவருடைய மெக்கானிக் இன்னா பாஸ்போர்ட்னிகோவா போர் முடிந்து பல ஆண்டுகள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, உடைந்த விமானத் துண்டுகளுக்காக வயல்களைத் தோண்டித் தேடினார். தான் அனுப்பிய விமானம் திரும்பி வரவில்லை என்றால் அந்த மெக்கானிக்குக்கு மனத்தில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். எந்த நட்டை நாம் சரியாக முறுக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றும். டிமிட்ரியெவ்கா என்ற கிராமத்தருகே புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண் விமானி அவர்தான் என்று கடைசியில் அரசு ஏற்றுக்கொண்டு, 1990-இல் விருது கொடுத்தது. அந்த எலும்புகள் அவருடையவைதானா என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் 1945-க்குள் நடந்து முடிந்துவிட்டது. போர் முடிந்து சில மாதங்களில், அக்டோபரில், 46-ஆவது ரெஜிமெண்டைக் கலைத்தார்கள். ரஸ்கோவா அதற்கு முன்பே, 1943 ஜனவரியில், பனிப்புயலில் சிக்கி இறந்திருந்தார்.

அமெரிக்காவிலும் இதே கதை வேறு விதத்தில். வாஸ்ப் என்ற பெண் விமானிகள் படைக்கு 25,000 பேர் விண்ணப்பித்து, டெக்சாஸில், பெரும்பாலும் ஸ்வீட்வாட்டர் தளத்தில், 1,074 பேர் தேறினார்கள். தொழிற்சாலையிலிருந்து விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பீரங்கிப் பயிற்சிக்கு இலக்கைக் கட்டி இழுத்துப் பறப்பது, பழுது பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. 38 பேர் இறந்தார்கள். ராணுவக் கணக்கில் அவர்கள் சிவிலியன்கள் என்பதால் சவப்பெட்டி மேல் கொடி கிடையாது, உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் காசு சேர்த்த சம்பவங்களும் உண்டு. 1944-இல் பி-29 என்ற பெரிய பாம்பர் வந்தபோது அதன் இன்ஜின்கள் சூடேறித் தீப்பிடிக்கும் என்று ஆண் விமானிகள் தயங்கினார்கள். பால் டிபெட்ஸ், அதாவது பின்னாளில் ஹிரோஷிமா மேல் பறந்த அதே அதிகாரி, இரண்டு வாஸ்ப் பெண்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து அவர்களை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டிக் காட்டினார்கள். ஆண்களின் தயக்கம் தீர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 20-இல் வாஸ்ப் படையையே கலைத்துவிட்டார்கள். போர் வீரர் என்ற தகுதி அவர்களுக்குக் கிடைத்தது 1977-இல்தான். பிரிட்டனில், விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏ.டி.ஏ. அமைப்பில் 168 பெண்கள் ஸ்பிட்ஃபயர் முதல் பாம்பர் வரை ஓட்டிச் சேர்த்தார்கள். அங்கும் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: பெண்ணால் போர் விமானம் ஓட்ட முடியுமா என்ற கேள்வி 1942-லேயே தீர்ந்துவிட்ட கேள்வி. அதற்குப் பிறகு நாம் கொண்டாடும் ஒவ்வொரு ‘முதல் பெண்’ணும் ஒரு விதி மாறிய நாளைத்தான் காட்டுகிறார். இஸ்ரேலில் ஆலிஸ் மில்லர் 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நுழைவுத் தேர்வு எழுதும் உரிமையை வாங்கினார். அவர் விமானி ஆகவில்லை, மருத்துவத் தகுதியில் கழித்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு வழியாக வந்த ரோனி ஸுக்கர்மன் 2001-இல் ஃபைட்டர் விமானி ஆனார். அமெரிக்காவில் 1993 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ஓர் உத்தரவு போட்டதும் ஃபைட்டர் கதவு திறந்தது.

அந்த உத்தரவுக்கு அடுத்த ஆண்டு நடந்த ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘பெண்களால் முடியாது’ என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். கரா ஹல்ட்கிரீன், அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானி. 1994 அக்டோபர் 25 அன்று விமானம் தாங்கிக் கப்பலில் இறங்க வரும்போது நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். அதைத் திருத்த, வால் சுக்கானைத் திருப்பும் ரடர் மிதியை மிதித்ததும் விமானம் ஒரு பக்கமாகச் சறுக்கியது, இடது இன்ஜின் வாய்க்குள் காற்று ஒழுங்காகப் போகவில்லை. கம்ப்ரஸர் ஸ்டால். இன்ஜினுக்குள் வரிசையாகக் காற்றை அழுத்திக்கொண்டே போகும் சின்னச் சின்ன இறக்கைகள் இருக்கின்றன. உள்ளே வரும் காற்று கலங்கினால் அந்த அழுத்தம் உடைந்து, இன்ஜின் திக்கித் திணறிச் சக்தியை இழக்கும். அந்த விமானத்தின் டி.எஃப்-30 இன்ஜினுக்கு இது பேர்போன நோய், ஆண்கள் ஓட்டியபோதும் வந்த நோய். இரண்டு இன்ஜினும் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒன்று போனால் விமானம் ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் இருந்த அதிகாரி வெளியே வீசப்பட்டுத் தப்பினார். அரை நொடிகூட ஆகவில்லை, அடுத்து வீசப்பட்ட ஹல்ட்கிரீன், விமானம் அதற்குள் புரண்டுவிட்டதால், கடலை நோக்கி வீசப்பட்டார். கடற்படையின் ஒரு விசாரணை இன்ஜினைக் காரணம் காட்டியது. பிறகு கசிந்த இன்னோர் உள் அறிக்கை விமானியின் தவறையும் சேர்த்துச் சொன்னது. என் படிப்பில் இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை, பெரும்பாலான விபத்துகள் அப்படித்தான். மிக்-21 நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண் விமானிகளைக் கொண்டுபோனது. ஆண்களால் ஃபைட்டர் ஓட்ட முடியுமா என்று அதற்காக யாரும் கேட்டதில்லை.

சரி, உடம்பு. ஃபைட்டர் விமானம் வேகத்தில் திரும்பும்போது உடம்பின் எடை பல மடங்காகும், ஒன்பது மடங்கு வரை போகும். இரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கும், கண் மங்கும், நினைவு தப்பும். இதைத் தாங்க, காலையும் வயிற்றையும் அழுத்திப் பிடிக்கும் ஜி-சூட் என்ற இறுக்கமான உடை, அதோடு காலையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைப் பிடித்துப் பிடித்து விடும் ஒரு பயிற்சி. 1980-களிலேயே ஆண்களையும் பெண்களையும் சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழல் இயந்திரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டார்கள், தாங்கும் திறனில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. இதயத்துக்கும் தலைக்கும் இடையே தூரம் குறைவாக இருப்பவருக்குக் கொஞ்சம் சாதகம்கூட உண்டு. உண்மையான பிரச்சினைகள் வேறு. பழைய விமானங்களின் காக்பிட்டும், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் எஜெக்ஷன் சீட்டும் ஆணின் சராசரி உயரம், எடையை வைத்துச் செய்தவை. எடை குறைந்தவரை அந்த சீட் இன்னும் வேகமாக வீசும், கழுத்துக்கும் முதுகுக்கும் ஆபத்து கூடும். அது உடம்பின் குறை இல்லை, சீட்டின் குறை. புதிய விமானங்களில் இந்த அளவுகளை விரித்துவிட்டார்கள். கர்ப்ப காலத்தில் பறக்கக் கூடாது என்பதும் உண்மை. ஓர் ஆண் விமானி முதுகு வலியில் ஆறு மாதம் தரையில் இருப்பதில்லையா, அதுபோல் திட்டமிட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் அது. இதற்கு மேல் மருத்துவம் என் எல்லையைத் தாண்டியது.

நான் கண்ணால் பார்த்தது ஒன்று சொல்கிறேன். 1994-இல் நம் விமானப்படையில் பெண்கள் பைலட்டாக வரத் தொடங்கினார்கள், சரக்கு விமானமும் ஹெலிகாப்டரும் மட்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஹரிதா கவுர் தியோல் தனியாகப் பறந்தார், விமானப்படையில் அப்படிப் பறந்த முதல் பெண் அவர்தான். 22 வயது. இரண்டே ஆண்டில், 1996 டிசம்பர் 24 அன்று, நெல்லூர் அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அந்தக் காலத்தில்தான் வடக்கே ஒரு தளத்தில் எங்கள் ஸ்குவாட்ரனுக்கும் ஒரு பெண் அதிகாரி வந்தார். க்ரூ ரூமில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, ஓர் ஆபீஸ் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். எங்களுக்கோ கூப்பிடத் தெரியவில்லை. பழக்கத்தில் ‘சார்’ என்று வாயில் வந்துவிடும், அப்புறம் ‘மேடம்’ என்று திருத்துவோம். முதல் நாள் காலை அவர் விமானத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஃபார்ம் 700 என்ற பதிவேட்டில் பைலட் கையெழுத்துப் போட்டுவிட்டால் விமானம் அவர் பொறுப்பு. பலர் சுற்றுவது வேகமாக இருக்கும். இவர் வலது இன்ஜினின் கீழ் மூடி ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார். ‘இந்த எண்ணெய் நேற்றும் இருந்ததா?’ என்று ஹிந்தியில் கேட்டார். இருந்தது. நான் துடைத்திருந்தேன், பதிவேட்டில் எழுதவில்லை. அளவுக்குள்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் ஓர் எண்ணெய்க் குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தது. சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி எழுதிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறினார். டார்ட் இன்ஜினின் அந்தக் கீச்சுச் சத்தம் எழும்பி, அவர் பறந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றிலிருந்து ஈரம் தெரிந்தால் எழுதாமல் விட்டதில்லை.

1999 கார்கில் போரில் குஞ்சன் சக்சேனாவும் கேரளத்தைச் சேர்ந்த ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டர்களில் காயம்பட்டவர்களை ஏற்றி வரவும், எதிரி இருப்பிடங்களைப் பார்த்து வரவும் பறந்தார்கள். ஆயுதம் இல்லாத ஹெலிகாப்டர், ஆனால் கீழிருந்து சுடுகிற போர்க்களம். போர்ப் பகுதியில் பறந்த முதல் இந்தியப் பெண்கள் இந்த இருவரும். ஒருவர் பெயரை மட்டும் சொல்வது இன்னொருவருக்கு அநியாயம். ஃபைட்டர் மட்டும் மூடியே இருந்தது. 2014-இல்கூட விமானப்படைத் தளபதி அரூப் ராகா, நீண்ட நேரம் ஃபைட்டர் ஓட்டப் பெண்களின் உடல் ஏற்றதல்ல என்று பேசினார். அதே தளபதிதான் 2015 அக்டோபர் 8, விமானப்படை தினத்தில், பெண்களை ஃபைட்டருக்கு எடுக்கத் திட்டமிடுகிறோம் என்று அறிவித்தார். ரஸ்கோவாவின் உத்தரவு வந்த அதே தேதி, 74 ஆண்டு கழித்து. இடையில் பெண்களின் உடம்பில் ஒன்றும் மாறிவிடவில்லை. 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் அதிகாரிகளானார்கள். அவனி 2018 பிப்ரவரி 19 அன்று ஜாம்நகரில் மிக்-21 பைசனைத் தனியாக ஓட்டினார். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரை தொடும் விமானம் அது. பாவனா 2019 மே மாதம் பகல் நேரப் போர்ப் பணிக்குத் தகுதி பெற்றார். மோகனா பிறகு தேஜஸ் என்ற உள்நாட்டு ஃபைட்டரை ஓட்டும் 18-ஆவது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அந்த ஸ்குவாட்ரன் 2020-இல் தேஜஸ் விமானத்தோடு மறுபடி தொடங்கியது நம் கோவை சூலூரில்தான். பெண்களை ஃபைட்டருக்கு எடுக்கும் ஏற்பாட்டை 2022-இல் நிரந்தரமாக்கினார்கள். ஆக, வாட்ஸ்அப் படம் அவனியைப் பற்றி என்றால், ‘ஃபைட்டரைத் தனியாக ஓட்டிய முதல் இந்தியப் பெண்’ என்று திருத்திக்கொண்டால் சரியாகிவிடும்.

உங்கள் மகளுக்கு இன்று இருக்கிற வழிகளைச் சொல்கிறேன். என்.டி.ஏ., அதாவது பள்ளி முடித்ததும் முப்படை அதிகாரிப் பயிற்சிக்குச் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி, பெண்களுக்குத் திறந்துவிட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லித் திறந்தது, 2025 மே மாதத்தில் முதல் அணியாக 17 பெண்கள் அங்கிருந்து பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். விமானப்படைக்கு அந்த வழியில் போகப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் கட்டாயம், அவற்றை இப்போது விட்டுவிட வேண்டாம். பட்டம் முடித்த பிறகு ஏஎஃப்கேட் என்ற விமானப்படை நுழைவுத் தேர்வு, அல்லது கல்லூரியில் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தால் அந்த வழி. உயரம், கால் நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாம் அளப்பார்கள். காக்பிட்டுக்குள் பொருந்த வேண்டும் என்பதால் அதில் தளர்வு காட்ட மாட்டார்கள். அருகில் உள்ள ஒரு நல்ல கண் மருத்துவரிடம் இப்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், பைலட் தகுதிக்கான கணினித் தேர்வு ஒன்று உண்டு, சிபிஎஸ்எஸ் என்பார்கள். அதில் ஒருமுறை தோற்றால் பறக்கும் பிரிவுக்கு வாழ்நாளில் மறுபடி வாய்ப்பில்லை. பலர் ரயிலில் இரவெல்லாம் விழித்துவிட்டுப் போய் அதில் உட்காருகிறார்கள். ஒரு நாள் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போய், நன்றாகத் தூங்கவிட்டு, அப்புறம் உள்ளே அனுப்புங்கள்.